கிழக்குத் திமோரில் திருச்சபை: ஆக்கிரமிப்புக் காலத்தில் வேர்விட்ட சமயம்

திமோர் தீவின் கிழக்குப் பாதியில் அமைந்துள்ள கிழக்குத் திமோரின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். அவர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் கத்தோலிக்கர். பல நூற்றாண்டுப் போர்த்துக்கேய ஆட்சியே இதற்குக் காரணம் என்று கருதுவது எளிது. ஆனால் 1975இல் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தபோது மக்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூடத் திருமுழுக்குப் பெற்றிருக்கவில்லை என்பதே வரலாறு காட்டும் உண்மை.

பதினாறாம் நூற்றாண்டில் சந்தன மரத்தைத் தேடி வந்த போர்த்துக்கேய வணிகரைத் தொடர்ந்து தொமினிக்கன் சபைத் துறவியர் வந்தனர். வடமேற்குக் கரையின் லிஃபாவில் இருந்த தலைமையிடம் 1769இல் டிலிக்கு மாற்றப்பட்ட பின்னும், மலைநாட்டின் சிற்றரசுகளில் அரசின் கையும் குருக்களின் கையும் ஆழமாக எட்டவில்லை. 1834இல் போர்த்துக்கல் துறவற சபைகளைக் கலைத்தது மறைப்பணியை மேலும் நலிவித்தது. அதுவரை மக்காவு ஆயரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த டிலி, தனி மறைமாவட்டமானது 1940இல்தான். மலை மக்களின் வாழ்வோ, முன்னோரின் பொருள்களைக் காக்கும் 'உமா லுலிக்' எனப்படும் புனித இல்லங்களைச் சுற்றியே அமைந்திருந்தது.

1975 டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படைகள் டிலியில் இறங்கின. அடுத்த 24 ஆண்டுகளில் கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடிமக்கள் ஒவ்வொருவரும் அரசு ஏற்ற சமயங்களுள் ஒன்றைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற இந்தோனேசிய விதி, முன்னோர் வழிபாட்டினரைத் திருச்சபையின் பக்கம் தள்ளியது உண்மையே. ஆயினும் அவ்விதி மட்டுமே இத்தகைய மாற்றத்தை விளக்கிவிடாது. கிழக்குத் திமோரை இந்தோனேசியா தன்னோடு இணைத்துக்கொண்டதை வத்திக்கான் ஏற்காததால் டிலி மறைமாவட்டம் இந்தோனேசிய ஆயர் பேரவையோடு சேராமல் நேரடியாக உரோமையின் கீழ் இயங்கியது; இராணுவத்தின் பிடிக்குள் முழுமையாக அகப்படாத ஒரே பொது நிறுவனமாகவும் அதுவே எஞ்சியது. போர்த்துக்கேய மொழி தடைசெய்யப்பட்டபோது, ஆட்சியாளரின் மொழியை ஏற்காமல், மக்களின் பொது மொழியான தெத்துமில் திருப்பலி நிறைவேற்ற மறைமாவட்டம் முடிவெடுத்தது. 1981இல் வத்திக்கான் இதற்கு இசைந்தது. பீடத்திலிருந்து தம் சொந்த மொழி ஒலிக்கக் கேட்ட மக்களுக்கு, அதுவரை அயலார் சமயமாக இருந்தது தமதாயிற்று. மற்ற எல்லாக் காரணங்களினும் இதுவே வலியது எனலாம்.

மறைமாவட்டத்தை வழிநடத்திய மார்த்தின்யோ த கோஸ்தா லோப்பஸ், படையினரின் கொடுமைகளை வெளிப்படையாகக் கண்டித்ததன் விளைவாக 1983இல் பதவி விலக நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த கார்லோஸ் பெலோ ஆட்சியாளருக்குப் பணிந்துபோவார் என்று ஐயுற்ற உள்ளூர்க் குருக்கள் அவரது பதவியேற்பைப் புறக்கணித்தனர். சில மாதங்களுக்குள்ளேயே அவரும் கண்டனக் குரல் எழுப்பலானார். 1989இல் பொதுவாக்கெடுப்பு கோரி ஐ.நா. பொதுச் செயலாளருக்கு மடல் எழுதினார். 1991 நவம்பர் 12 அன்று, மொத்தாயெல் கோவிலில் கொல்லப்பட்ட இளைஞர் ஒருவருக்கான நினைவுத் திருப்பலிக்குப் பின் சாந்தா குரூஸ் கல்லறைக்கு ஊர்வலமாகச் சென்றவர்கள்மீது படையினர் சுட்டனர். அந்தப் படுகொலையின் படச்சுருள் வெளிநாடுகளை அடைந்ததும், உலகம் பாராமுகமாக இருந்த நிலை மாறியது. 1996இல் பெலோவும், வெளிநாடுகளில் விடுதலைக்காகக் குரல்கொடுத்துவந்த ஜோசே ராமோஸ் ஓர்த்தாவும் அமைதிக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் விடுதலையைத் தேர்ந்தனர். அதற்குப் பழிவாங்கும் வகையில், செப்டம்பர் 6 அன்று சுவாய் கோவில் வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களும் அவர்களைக் காக்க நின்ற மூன்று குருக்களும் கொல்லப்பட்டனர். நாடு 2002 மே 20 அன்று முழு விடுதலை பெற்றது.

விடுதலைப் போராட்டத்தில் ஈட்டிய மதிப்பு திருச்சபைக்குக் கேள்விக்கு அப்பாற்பட்ட செல்வாக்கைத் தந்தது. அதற்கு ஒரு கசப்பான மறுபக்கமும் உண்டு. சிறார் பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளின் பேரில் 2020இல் பெலோவின் பணிகளுக்குக் கட்டுப்பாடு விதித்திருந்ததை வத்திக்கான் 2022இல் உறுதிப்படுத்தியபோது, நாட்டில் பலர் அதை நம்பவே தயங்கினர். போராட்டத்தில் அவர் ஆற்றிய பங்கையும், துன்புற்றோரின் வாக்குமூலத்தையும், ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்காமல் எழுதுவது இந்நாட்டின் திருச்சபை வரலாற்றாசிரியருக்குரிய கடமையாகும்.