பேசிக்கொண்டே ஓடுங்கள்

ஓட்டம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது கடிகாரமும் பதக்கமும்தானே? 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து வீரர் இருவர் ஒரே நாளில் தங்கம் வென்றனர். அவ்விருவருக்கும் பயிற்சியளித்த ஆர்தர் லிடியார்டே, ஆக்லாந்து நகரில் இருதய நோய் கண்டவர்களையும் மெல்ல ஓடவைத்தார். அவர்களுக்கு அவர் வைத்த இலக்கு வேகம் அன்று. நிற்காமல் சிறிது தூரம், பிறகு இன்னும் சிறிது தூரம்.

1962-இன் இறுதியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே சென்று, அவர்களுடன் ஓடினார். வயது 51. வழியிலேயே பின்தங்கிவிட்டார்! மாரடைப்பிலிருந்து மீண்ட, எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர் பேசிக்கொண்டே துணைக்கு ஓடிவந்தார். பவர்மனுக்கோ மறுமொழி சொல்லவும் மூச்சில்லை.

ஊர் திரும்பியவர் யூஜீன் நகர மக்களை ஓட அழைத்தார். கூட்டம் பெருகவே, எவருக்கேனும் உயிராபத்து நேருமோ என அஞ்சி, இருதய மருத்துவர் ஹாரிஸின் துணையை நாடினார். இருவரும் எழுதிய 'ஜாகிங்' நூல் 1967-இல் வெளிவந்தது. அதில் கண்ட அளவுகோல் எளியது: ஓடும்போது உங்களால் பேச முடியவேண்டும். வேகம் மிகுந்தால், தசைகளில் உண்டாகும் கரியமில வாயுவை வெளியேற்ற மூச்சு விரைகிறது, பேச்சு துண்டுபடுகிறது. அந்த எல்லை ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே அடுத்தவரின் கடிகாரத்தை விடுங்கள். இன்று பேசியபடி எவ்வளவு தூரம் ஓடினீர்களோ, அதிலிருந்தே அடுத்த வாரத்தைக் கணக்கிடுங்கள்.