கல்லில் ஓர் அலங்கார எழுத்து

அலங்கார எழுத்து அச்சுக்கூடத்தோடு பிறந்ததல்ல. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளைக் கடந்து காஞ்சிக்குப் போனால், 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பல்லவ அரசன் ராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலே அதற்குச் சாட்சி. திருச்சுற்றில் உள்ள சிற்றாலயங்களில் அவனுடைய விருதுப் பெயர்கள் வெவ்வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, சுழிகளும் கொடிபோன்ற வளைவுகளும் நிறைந்த கிரந்த எழுத்து. வாசிக்க மட்டும் என்றால் ஒரே வடிவம் போதுமே! இந்த வடிவ வேறுபாடு கல்தச்சர்களின் கைப்பழக்கம்தான் எனலாம். ஆனால் வெறும் பழக்கம் அதே பெயர்களை வடிவம் மாற்றி மாற்றி எழுத வைக்காது. அரசன் புகழைக் கண்ணுக்கு விருந்தாக்கும் திட்டம் இது. மாறாக, உத்திரமேரூரில் கல்லில் வெட்டப்பட்ட 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலை (ஊர்ச்சபைத் தேர்தல்) விதிகளில் இந்த ஒயில் இல்லை. காலம் வேறுதான், என்றாலும் சபை விதிக்குத் தெளிவே முதல் தேவை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வருகிறவர்கள் காஞ்சிக்கும் போய், அந்த எழுத்துகளை நின்று பாருங்கள்.