ஃபேன்டஸி நாவலும் அமெரிக்கப் பதிப்பகங்களும்

மந்திரமும் கற்பனை உலகங்களும் நிறைந்த நாவல்களை ‘ஃபேன்டஸி’ என்ற தனிப் பெயரில் விற்கும் வழக்கம் 1960-களின் நடுவில் தொடங்கி 1980-களுக்குள் அமெரிக்கப் பதிப்புத்துறையில் நிலைபெற்றது. வில்லியம் மாரிஸ், டன்சனி பிரபு, இ. ஆர். எடிசன் போன்றோர் இத்தகைய கதைகளை வெகுகாலம் முன்பே எழுதியிருந்தனர். ‘வியர்ட் டேல்ஸ்’ போன்ற மலிவு இதழ்களும் அவற்றை வெளியிட்டன. எழுத்து இருந்தது, அதற்கென்று ஒரு சந்தைதான் இல்லை.

சந்தைக்கு வழி திறந்தது ஒரு பதிப்புரிமைச் சண்டை. ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954–55-இல் மூன்று கெட்டி அட்டைத் தொகுதிகளாக வந்தது. பிரிட்டனில் அச்சிட்ட தாள்களை வரவழைத்தே அமெரிக்கப் பதிப்பு தயாரிக்கப்பட்டது. இப்படி இறக்குமதியாகும் பிரதிகளுக்கு அந்நாட்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்திருந்தது. வரம்பு மீறப்பட்டதால் அங்கே பதிப்புரிமை செல்லாது என்று ஏஸ் புக்ஸின் ஆசிரியர் டொனால்ட் வோல்ஹெய்ம் வாதிட்டார். 1965-இல் அனுமதி பெறாமலே 75 சென்ட் விலையில் ஏஸ் அதை வெளியிட்டது. டோல்கீன் திருத்திக் கொடுத்த பிரதியை அதே ஆண்டு பாலன்டைன் புக்ஸ் 95 சென்டுக்குக் கொண்டுவந்தது. தம் ஒப்புதல் இந்தப் பதிப்புக்கு மட்டுமே உண்டு என்ற ஆசிரியரின் அறிவிப்பு பின்னட்டையில் இருந்தது. வாசகர்கள் டோல்கீன் பக்கம் நின்றனர். ஏஸ் அவருக்கு உரிமைத்தொகை கொடுக்க இசைந்தது. மலிவு விலை நூலைக் கல்லூரி மாணவர்களின் கைகளில் சேர்த்தது. அவர்கள் அதுபோல இன்னும் வேண்டுமென்றனர்.

அந்தக் கேள்விக்குப் பாலன்டைன் சொன்ன முதல் பதில் மிக அழகானது. 1969 முதல் 1974 வரை, ஒற்றைக்கொம்புக் குதிரையின் தலையைச் சின்னமாகக் கொண்ட ‘அடல்ட் ஃபேன்டஸி’ வரிசையை லின் கார்ட்டர் தொகுத்தார். மாரிஸ், டன்சனி, கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் எனப் பழைய எழுத்தாளர்களை அவர் தேடி மீட்டார். ஹோப் மிர்லீஸின் 1926-ஆம் ஆண்டு நாவல் ‘லட்-இன்-தி-மிஸ்ட்’ 1970-இல் மறுபடி வாசகரை அடைந்தது இவரால்தான். ஒன்றுக்கொன்று சற்றும் சாயல் இல்லாத 60-க்கும் மேற்பட்ட நூல்கள் இவ்வரிசையில் வந்தன. அந்தப் பன்மையே அதன் பெருமை. 1973-இல் பாலன்டைனை ரேண்டம் ஹவுஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே வரிசை நின்றது.

பின்னர் பொறுப்பேற்ற ஜூடி-லின் டெல் ரே, லெஸ்டர் டெல் ரே தம்பதியர் வேறு வழியில் சென்றனர். வாசகர் டோல்கீனைப் போன்ற கதையையே கேட்கிறார், அதைப் புதிதாக எழுதித் தரலாம் என்பது லெஸ்டரின் கணிப்பு. புத்தம்புது எழுத்தாளரான டெரி புரூக்ஸின் ‘தி ஸ்வோர்ட் ஆஃப் ஷன்னாரா’ 1977-இல் ஹில்டபிராண்ட் சகோதரர்களின் ஓவியங்களோடு வெளிவந்தது. ‘நியூயார்க் டைம்ஸ்’ பெரிய அளவு பேப்பர்பேக் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்ற முதல் புனைகதை அதுவே. டோல்கீனின் அப்பட்டமான நகல் என்று கார்ட்டர் அதைக் கடுமையாகச் சாடினார். சாடலில் நியாயம் இருந்தது. விற்பனை அதைப் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டே ‘டெல் ரே’ தனி முத்திரையானது. கற்பனை உலகம், வழிகாட்டும் முதியவர், தீமையை வெல்லும் எளிய இளைஞன் என்று ஓர் அச்சு வார்க்கப்பட்டது.

நூலின் வடிவத்தையும் வணிகமே தீர்மானித்தது. டேவிட் எடிங்ஸ் மூன்று நூல்களாகத் திட்டமிட்ட ‘பெல்காரியட்’ கதையை ஐந்தாகப் பிரிக்கச் சொன்னார் லெஸ்டர். பெரிய கடைகள் தடித்த புத்தகங்களை விரும்பவில்லை என்பதே காரணம். அது 1982 முதல் 1984 வரை வெளிவந்தது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை விற்ற டிஎஸ்ஆர் நிறுவனமும் 1984-இல் ‘டிராகன்லான்ஸ்’ நாவல்களோடு களமிறங்கியது.

லாபம் பெருகியது, வகைமை குறுகியது. கார்ட்டர் காட்டிய பன்மையைச் சந்தை அப்போது கைவிட்டது பேரிழப்பு. நெடுந்தொடர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1990-இல் டோர் புக்ஸ் தொடங்கிய ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ 14 தொகுதிகளை எட்டியது. 2007-இல் அவர் இறந்தபின், அவருடைய மனைவியும் அத்தொடரின் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பிரண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்துத் தொடரை முடிக்கச் செய்தார். கடைசித் தொகுதி 2013-இல் வெளியானது.