கால்ஷீட்டிலிருந்து ஸ்ட்ரீமிங் வரை: பாட்டின் வருமானம் யாருக்குப் போகிறது?

எண்பதுகளில் தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டுப் பதிவுக் கடை இருக்கும். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் பன்னிரண்டு பாட்டை வரிசையாக எழுதி, ஒரு 60 நிமிட வெற்று கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். ஏ பக்கம் காதல், பி பக்கம் சோகம். பி பக்கத்தின் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவே அறுந்து நிற்கும். கேட்டால், "நாடா அவ்வளவுதான் தம்பி" என்பார் கடைக்காரர். என்னிடம் அப்படி ஏழெட்டு கேசட்டுகள் இருந்தன. நான் கொடுத்த காசில் கடைக்காரருக்குப் பங்கு உண்டு, வெற்று கேசட் விற்றவருக்குப் பங்கு உண்டு. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், அதில் வயலின் வாசித்த பத்துப் பேர் ஆகியோருக்கு ஒரு பைசாகூடப் போகவில்லை என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

இணையத்தில் இசைக்கலைஞர் நியாயமாகப் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ரீமிங் செயலிகளின் கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு முறை கேட்டால் எத்தனை பைசா, அதை எத்தனையால் பெருக்கினால் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கு அது. தமிழ்த் திரையிசையைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு கதையின் பின்பாதி மட்டுமே. பாட்டு பதிவான அன்று எந்தத் தாளில் யார் கையெழுத்திட்டார், யாருடைய பெயர் அதில் இல்லாமல் போனது என்பதே முன்பாதி. தொழில்நுட்பம் நான்கைந்து முறை மாறிவிட்டது. அந்தத் தாள் மட்டும் நெடுநாள் மாறவில்லை. அது எப்படி உருவானது, எங்கே மாறியது, எங்கே மாறாமல் நிற்கிறது என்பதைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தட்டும் தாளும்

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு நடத்தியபோது பாடிய முக்கியக் கலைஞர் கௌஹர் ஜான். அவருடைய தட்டுகளில் பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் அவரே உரக்கச் சொல்வது கேட்கும். மூலத்தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அங்கேதான் அச்சாயின. யாருடைய குரல் என்று அங்கிருந்த பணியாளருக்குத் தெரிய அந்த அறிவிப்பு உதவியது. இந்தியாவின் முதல் இசைத்தட்டுகளிலேயே கலைஞரின் பெயர் பாட்டோடு சேர்ந்து பயணம் செய்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பெயரும் புகழும் உள்ள பாடகருக்குத் தட்டு விற்பனையில் ராயல்டி என்ற ஏற்பாடு பிறகு வழக்கத்துக்கு வந்தது. 1963இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டின் ராயல்டி திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கு அவரால் அளிக்கப்பட்டது. அந்தக் கொடையின் பெருமையைப் பலரும் பேசியிருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராயல்டியைக் கொடையாகத் தருவதற்கு முதலில் ராயல்டி இருந்தாக வேண்டும். அதே காலத்தில் சென்னையின் ஸ்டூடியோக்களில் கால்ஷீட் கணக்கில் வாசித்தவர்களுக்குக் கொடுக்கவோ வைத்துக்கொள்ளவோ அப்படி எதுவும் இல்லை. வந்தார்கள், நோட்ஸைப் பார்த்து வாசித்தார்கள், அன்றைய தொகையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

திரைப்படப் பின்னணிப் பாடகர்களின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடகர்களுக்கும் ராயல்டியில் பங்கு வேண்டும் என்று லதா மங்கேஷ்கர் கேட்டார். பாடியதற்குப் பணம் வாங்கியதோடு பாடகரின் உரிமை முடிந்தது என்றார் முகமது ரஃபி. இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடாமல் இருந்தார்கள். இதை இரண்டு பெரிய மனிதர்களின் பிணக்காகவே சொல்லிச் சொல்லி, உள்ளே இருந்த பொருளாதாரக் கேள்வியை நாம் தொலைத்துவிட்டோம். ரஃபியின் நிலைப்பாட்டில் பெருந்தன்மை உண்டு. ஆனால் வரலாறு லதாவின் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது, அதுவும் ஐம்பது ஆண்டுகள் கழித்து.

1977இன் தீர்ப்பு

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், தயாரிப்பாளர் பணம் கொடுத்துச் செய்வித்த திரைப்படத்தின் முதல் உரிமையாளர் அவரே என்றது. இசைப் படைப்பு என்பதற்கு அச்சட்டம் அப்போது தந்த வரையறையும் விசித்திரமானது. எழுத்திலோ அச்சிலோ குறியீடுகளாகப் பதியப்பட்ட மெட்டும் ஒத்திசையுமே சட்டத்தின் கண்ணில் இசை. குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்குப் போய், மேடையில் அந்தந்த நேரத்தில் விரியும் ராகத்தை வைத்து வாழும் நாட்டில், தாளில் இல்லாத இசைக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது. 1994இல்தான் அந்த வரையறை திருத்தப்பட்டது.

பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் தங்கள் உரிமைத் தொகையை வசூலிக்க 1969இல் ஐபிஆர்எஸ் என்ற சங்கத்தை அமைத்தார்கள். திரையரங்குகளில் பாட்டு ஒலிப்பதற்குக் கட்டணம் கேட்டபோது தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். 1977 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கம் நின்றது. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கூலி கொடுத்துப் படத்துக்காகச் செய்வித்த இசைக்கு முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்பது அதன் முடிவு. தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு பின்குறிப்பு எழுதினார். நம் இசையில் பாடுபவரின் கலைதான் உயிர், அந்தப் பாடகருக்குச் சட்டம் எந்த உரிமையும் தரவில்லை, நாடாளுமன்றம் இதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நாடாளுமன்றம் அதை முழுமையாகக் கையில் எடுக்க 35 ஆண்டுகள் ஆயின.

அந்த 35 ஆண்டுகளில்தான் எல்லாம் நடந்தது. தயாரிப்பாளர் ஆடியோ உரிமையை மொத்தமாக ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். கேசட் வந்தது, சிடி வந்தது, எம்பி3 வந்தது. செல்போனில் காலர் ட்யூன் வந்தபோது மாதந்தோறும் கோடிக்கணக்கானவர்களின் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு தொலைபேசி நிறுவனங்களிடமே நின்றது, மிச்சம் ஆடியோ கம்பெனிக்குப் போனது. "இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்ற பொருள் தரும் ஒரு வாசகம் அந்தக் கால ஒப்பந்தங்களில் சாதாரணமாக இருக்கும். கையெழுத்துப் போட்டவர்களின் கற்பனையில் காலர் ட்யூனும் இல்லை, யூடியூபும் இல்லை.

2012: சட்டம் திரும்பிய இடம்

மாநிலங்களவையில் இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் தம் தொழிலின் குறையைத் தாமே அவையில் எடுத்துச் சொன்னார். 2012 மே மாதம் இரு அவைகளும் திருத்தத்தை நிறைவேற்றின. ஜூன் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர, பாட்டு வேறு எந்த வழியில் பயன்பட்டாலும் ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கிடைத்தது. இந்த உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. சட்டத்தின் வலிமையே இதில்தான் இருக்கிறது. வாய்ப்பு தேடி நிற்கும் இளம் இசையமைப்பாளரிடம் எந்தத் தாளை நீட்டினாலும் அவரிடமிருந்து இதை வாங்கிவிட முடியாது.

பாடகர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை வந்தது. 2013இல் அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆனால் சட்டம் வந்த மறுநாளே பணம் வந்துவிடவில்லை. ஐபிஆர்எஸ் மீண்டும் பதிப்புரிமைச் சங்கமாகப் பதிவானது 2017இல். வானொலி நிலையங்கள் எழுத்தாளருக்கும் இசையமைப்பாளருக்கும் தனியாக ராயல்டி தர வேண்டுமா என்ற வழக்கில், தர வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது 2023 ஏப்ரலில். பதினோரு ஆண்டுகள் ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கையில் சிறிய காலம் இல்லை. அதற்குள் ஓய்வு பெற்றவர்களும் இறந்தவர்களும் உண்டு.

இடையில் நடந்த இன்னொரு வழக்கு அதிகம் பேசப்படாதது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ளது போல, அரசு அமைப்பு நிர்ணயிக்கும் கட்டணத்தைச் செலுத்திவிட்டுப் பாட்டுகளை ஒலிபரப்பலாம் என்ற சட்டச் சலுகை தங்களுக்கும் உண்டு என்று விங்க் செயலி வாதிட்டது. டிப்ஸ் என்ற ஆடியோ கம்பெனி எதிர்த்தது. அந்தச் சலுகை இணைய ஸ்ட்ரீமிங்குக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. இதனால் ஸ்ட்ரீமிங் கட்டணம் பேரத்தில் முடிவாகிறது. பேரம் பேசுபவர்கள் செயலியும் ஆடியோ கம்பெனியும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் அந்த மேசையில் நாற்காலி கிடையாது.

பொதுப் பானை

ஸ்பாட்டிஃபை 2008இல் ஸ்வீடனில் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது தனிநபர் மாதச் சந்தா 119 ரூபாய். அமெரிக்காவில் அப்போது ஏறத்தாழ 10 டாலர். ஒரே பாட்டு, ஒரே குரல். கேட்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்து அதன் மதிப்பு பல மடங்கு மாறுகிறது. தமிழ்ப் பாட்டை மிகுதியாகக் கேட்பவர்கள் சந்தா குறைவாக உள்ள நாட்டில், அதிலும் சந்தாவே கட்டாமல் விளம்பரத்தோடு கேட்பவர்களாக இருக்கிறார்கள். எண்ணிக்கை பிரமிப்பாகத் தெரியும் பாட்டுக்கும் தொகை சிறுத்துப்போவது இதனால்தான்.

தன் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குத் தருவதாக ஸ்பாட்டிஃபை சொல்லிவந்திருக்கிறது. தரும் முறையைத்தான் கவனிக்க வேண்டும். எல்லாருடைய சந்தாவும் ஒரு பானையில் விழுகிறது. அந்த மாதம் ஒலித்த மொத்தத்தில் ஒரு பாட்டு எத்தனை பங்கு ஒலித்ததோ அத்தனை பங்கு அதற்கு. கும்பகோணத்தில் ஒரு ஆசிரியை மாதம் முழுக்க ஒரே ஒரு நாதஸ்வர வித்வானை மட்டும், தினமும் அரைமணி நேரம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ராக ஆலாபனை இருபது நிமிடம். அவர் கணக்கில் மாதம் ஐம்பது முறைகூட ஆகாது. பக்கத்து வீட்டுப் பையன் மூன்று நிமிடப் பாட்டுகளை நாள் முழுக்க ஓடவிட்டு இரண்டாயிரம் முறை கேட்கிறான். இருவரும் கட்டியது ஒரே சந்தா. பங்கீட்டிலோ ஆசிரியையின் பணத்தில் பெரும்பகுதி, அவர் ஒரு நாளும் கேட்காத பாட்டுகளுக்குப் போய்ச் சேர்கிறது. முப்பது வினாடி கடந்தால் ஒரு கணக்கு என்பதே விதி. இருபது நிமிட ஆலாபனையும் ஒன்றுதான், இரண்டு நிமிடத் துணுக்கும் ஒன்றுதான். கர்நாடக இசைக்கும் தெருக்கூத்துப் பாட்டுக்கும் இதைவிடப் பொருந்தாத அளவுகோலை யோசிக்க முடியவில்லை.

ஒவ்வொருவர் சந்தாவையும் அவர் கேட்ட கலைஞருக்கே பிரித்துத் தரும் முறையை சவுண்ட்க்ளவுட் 2021இல் தனித்து இயங்கும் கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது. பெரிய செயலிகள் அந்த வழியில் போகவில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் ஆயிரம் முறை ஒலிக்காத பதிவுக்கு ராயல்டியே கிடையாது. தஞ்சாவூரில் வீட்டிலேயே பதிந்து ஏற்றும் ஒரு தவில்காரரின் பதிவுகள் எல்லாம் இந்த வரம்புக்குக் கீழேயே நின்றுவிடக்கூடும். பிரிட்டன் நாடாளுமன்றக் குழு 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, ஸ்ட்ரீமிங் வருவாயின் பங்கீட்டை அடியோடு மாற்றியமைக்க வேண்டும் என்றது. இந்தியாவில் அப்படி ஒரு நாடாளுமன்ற விசாரணை நடக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

சினிமாவை விட்டு வெளியே வந்தால் விடிவு என்ற நம்பிக்கையும் முழுதாகப் பலிக்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவிலிருந்து பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயும் அவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்து 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' யூடியூபில் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து, அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். தயாரிப்புச் செலவையும் முன்பணத்தையும் தாங்களே கொடுத்ததாக வெளியிட்ட நிறுவனம் பதிலளித்தது. யார் சொல்வது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. உலகமே பாடிய ஒரு பாட்டின் கணக்கு, அதை உருவாக்கியவரின் கண்ணுக்கே தெளிவாகத் தெரியவில்லை என்பது மட்டும் நமக்குப் போதுமான சான்று.

பெயர் இல்லாதவர்கள்

வாத்தியக்காரர்களிடம் மீண்டும் வருகிறேன். அமெரிக்காவில் இணைய வானொலிக்கான சட்டம், வசூலாகும் தொகையில் 5 விழுக்காட்டை முகப்பில் பெயர் இல்லாத பின்னணி வாசிப்பாளருக்கும் பாடகருக்கும் என ஒதுக்குகிறது. விருப்பப் பாட்டைத் தேர்ந்து கேட்கும் செயலிகளுக்கு அந்த விதி பொருந்தாது. தொகையும் சிறிது. ஆனாலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

நம் 2012 திருத்தமோ, ஒருபக்கம் இசைக்கலைஞருக்கு உரிமை தந்துவிட்டு மறுபக்கம் ஒரு விலக்கு வைத்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழிலின் வழக்கப்படி டைட்டிலிலும் வேறெங்கும் அவர் பெயர் போடப்படாமல் இருந்தால், ராயல்டியைப் பொறுத்தவரை அவர் கலைஞரே அல்ல. துணைநடிகர் கூட்டத்தை நினைத்து எழுதிய விலக்காக இருக்கலாம். ஆனால் தமிழ்ப் படங்களில் பல காலம் டைட்டிலில் இசைக்குழு என்று பொதுவாகப் போட்டார்கள், அல்லது அதுவும் போடவில்லை. ஒரு பாட்டின் முகமாகவே மாறிவிட்ட புல்லாங்குழல் பிட்டை வாசித்தவரின் வாசிப்பை யாரும் 'துணையானது' என்று சொல்ல மாட்டார்கள். பெயர் இல்லை என்ற ஒரே காரணத்தால் அந்த வாதத்தையே அவர் நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் என் போனில் எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, பங்களித்தவர்கள் பட்டியலைத் திறந்தேன். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், கம்பெனி என நான்கு வரிகள். பாட்டு அப்போது இரண்டாம் இடையிசைக்கு வந்திருந்தது. வயலின்கள் எழுந்து வந்தன, பிறகு எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு தனியாக ஒரு புல்லாங்குழல். பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். நான்கு வரிகள்தான்.