பரிசுச்சீட்டுத் தடையும் மாநில எல்லையும்: வீரகேரளம்புதூர் வட்டாரத்தை முன்வைத்து

தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூரிலிருந்து மேற்கே சென்றால் செங்கோட்டை, புளியரை கடந்து கேரளத்தின் ஆரியங்காவை அடையலாம். எல்லைக்கு இப்பால் லாட்டரி எனும் பரிசுச்சீட்டை விற்பது குற்றம். அப்பால் அதுவே அரசின் வருவாய். திருவிதாங்கூருக்குரிய செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்ததால் அமைந்த எல்லை இது.

கேரள அரசு 1967இல் பரிசுச்சீட்டுத் துறையைத் தொடங்கியது. தமிழக அரசு 1968இல் தன் சீட்டை வெளியிட்டது. 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் விதித்த காப்புகளுள் மூன்று: சீட்டில் அரசு முத்திரை இருத்தல், குலுக்கலை மாநில அரசே நடத்துதல், விற்பனைத் தொகை அரசுக் கணக்கில் சேர்தல். பிற மாநிலச் சீட்டைத் தடுக்க விரும்பும் மாநிலம் தன் சீட்டையும் கைவிட வேண்டும் என 1999இல் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003 சனவரியில் தமிழகம் விதித்த முழுத் தடை இந்நெறிக்கு இயைந்தது.

தனியார் குலுக்கலைக் குற்றமாக்கும் விதி 1870 முதல் தண்டனைச் சட்டத்தில் உண்டு. எனினும், கைபேசிவழிக் குலுக்கலுக்குப் புளியரைச் சோதனைச்சாவடி தடையன்று. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழகத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தை, வாய்ப்பு விளையாட்டுகளைப் பொறுத்தவரை, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. ரம்மி, போக்கர் ஆகியவற்றை அத்தடையிலிருந்து விலக்கியது.

எனவே, குலுக்கலின் நியாயம் வாய்ப்பின் சமத்துவத்தில் மட்டும் அடங்குவதன்று. யார் நடத்துகிறார், பணம் எங்குச் சேர்கிறது, தோற்றவர் முடிவைச் சரிபார்க்க இயலுமா என்பனவே அதன் அளவுகோல்கள். அச்சுச்சீட்டுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு விடை கோரியது. மறைவாக நடக்கும் இணையக் குலுக்கலிலோ பணம் கட்டியவரிடம் காட்டுதற்கு ஒரு சீட்டும் எஞ்சுவதில்லை.