ஒரு வரி விண்ணப்பம் ஒரு கட்டு ஆன கதை

பத்தாயிரம் மார்க் வேண்டும் என்று ஒரே ஒரு வரி. கீழே கையெழுத்து. ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களில் ஆராய்ச்சிப் பணம் கேட்டு எழுதிய விண்ணப்பம் அவ்வளவுதானாம். கேட்ட தொகை முழுசாகக் கிடைத்ததாம். கண், காது, மூக்கு வைத்த கதையாகவும் இருக்கலாம். ஆனால் ப்ரபோசலும் பட்ஜெட்டுமாக ராத்திரி கண்விழிக்கும் ஆய்வாளர்கள் இன்றும் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள்.

அந்த ஒரு வரி கட்டுக் காகிதமாக வளர்ந்ததற்குக் காரணம் ஒரு பழைய கேள்வி: ஊர்ப்பணத்தை யாருக்குக் கொடுப்பது, அதை யார் சொல்வது?

1849இல் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் ரஸல், ஆராய்ச்சிக்காக ராயல் சொசைட்டியிடம் 1,000 பவுண்டு தர முன்வந்தார். பணம் அரசுடையது, பங்கிட்டது அறிஞர்களின் கமிட்டி. 1920இல், போரில் தோற்று நொடிந்திருந்த ஜெர்மனியில், அறிவியலைக் காப்பாற்ற ஓர் அவசர உதவிச் சங்கம் பிறந்தது. அங்கே துறைவாரியான நிபுணர் குழுக்கள் விண்ணப்பங்களை எடைபோட்டன. வார்பர்க்கின் ஒரு வரி போனதும் இந்தச் சங்கத்துக்குத்தான்.

இன்றைய உருவம் வந்தது அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர்க்காலத்தில் தொடங்கிய மருத்துவ ஆய்வு ஒப்பந்தங்கள் பல தேசிய சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்தன. 1946இல் அங்கே நல்கைகளுக்கென்றே தனி அலுவலகம் அமைந்தது. ‘ஸ்டடி செக்‌ஷன்’ என்ற பெயரில் வெளி விஞ்ஞானிகளின் குழுக்கள் கூடின. பெனிசிலின் சிகிச்சையை ஆராய்ந்த சிஃபிலிஸ் குழு அவற்றில் முன்னோடி. தரம் பார்ப்பது இவர்கள் வேலை. அதற்கு மேல் ஓர் ஆலோசனைக் கவுன்சில். இந்த இரட்டைச் சல்லடை இன்றும் இருக்கிறது.

அந்த ஸ்டடி செக்‌ஷன் கூடும் அறையை எட்டிப் பாருங்கள். விண்ணப்பதாரர் வேலை பார்க்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். முன்கூட்டியே படித்து வந்த சிலர் குறைநிறைகளைச் சொல்வார்கள். பிறகு மதிப்பெண்: 1 என்றால் மிக நன்று, 9 என்றால் மிக மோசம். நம் பரீட்சைக்கு நேர் தலைகீழ். பட்ஜெட் பேச்சு அதன் பிறகுதான் எழும். செலவு கூடக்குறைய இருப்பதால் ஆய்வின் தரம் பற்றிய மதிப்பீடு மாறிவிடக் கூடாது என்பது ஏற்பாடு.

குறையில்லாத ஏற்பாடு என்று யாரும் சொல்வதில்லை. துணிச்சலான யோசனை கமிட்டியில் அடிபட்டுப் போகும்; எழுதுவதிலேயே மாதங்கள் கரையும். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. வார்பர்க்கின் தந்தை எமில் வார்பர்க் பேர்பெற்ற இயற்பியலாளர்; மகனையும் பெர்லின் அறிஞர் உலகம் நன்கு அறியும். அறிமுகம் உள்ளவருக்கு ஒரு வரி போதும். முதல் தலைமுறையாக ஆய்வுக்கூடத்தில் கால் வைப்பவருக்காகப் பேச அந்தக் காகிதக் கட்டைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஆகவே, எழுதுகிறவர்களே, பட்ஜெட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே ‘எதற்கு’ என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.