சான் பிரான்சிஸ்கோ குடிமைப் பணி ஆணையம்

சான் பிரான்சிஸ்கோ குடிமைப் பணி ஆணையம்: அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகர-கவுண்டி அரசுப் பணி நியமனங்களுக்குத் தகுதி அடிப்படையிலான விதிகளை வகுத்து, மேல்முறையீடுகளை விசாரிக்கும் உள்ளாட்சி அமைப்பு. 1900இல் நடைமுறைக்கு வந்த நகரச் சாசனத்தால் தோன்றியது. மேயர் நியமிக்கும் ஐந்து உறுப்பினர்களைக் கொண்டது, பதவிக்காலம் ஆறாண்டு.

விதித் திருத்தம்: உறுப்பினர்கள், ஆணையச் செயல் அலுவலர், மனிதவளத் துறை இயக்குநர் ஆகியோர் முன்மொழியலாம். ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் உரிமை. 10 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். ஆணையத்தின் முன் நிலுவையிலுள்ள வழக்கைத் திருத்தம் பாதிக்காது. ஆட்டத்தின் நடுவில் விதி மாறுவதைத் தடுப்பதால் இக்கட்டுப்பாடே இவற்றுள் முதன்மையானது. பணி நிலைமைகளைத் தொடும் திருத்தங்களுக்கு, 1968ஆம் ஆண்டின் மையர்ஸ்-மிலியாஸ்-பிரவுன் சட்டப்படி தொழிற்சங்கங்களுடன் பேச்சு நடத்தவேண்டும். பொதுப் பிரிவு, காவல், தீயணைப்பு, நகரப் போக்குவரத்து என விதிகள் நான்கு தொகுதிகளாக உள்ளன.

பணியாளர் கடமைகள்: தொடக்கத்தில் தேர்வு நடத்துதல், பணி வகைப்பாடு ஆகியவற்றையும் ஆணையமே செய்தது. 1993இல் வாக்காளர் ஏற்ற சாசனத் திருத்தம் அன்றாடப் பணியாளர் நிர்வாகத்தைப் புதிய மனிதவளத் துறைக்கு மாற்றியது. அதன்பின் ஆணையத்தின் சிறிய அலுவலகம் மேல்முறையீட்டு அறிக்கை, விதி விளக்கம், நியமனத் தணிக்கை, முறையீட்டு ஆய்வு ஆகியவற்றைக் கவனிக்கிறது.